மலேரியா மருந்தும் விடுபட்ட வேளைகளும்: கொழும்பிலிருந்து மொடல் செய்யத் தொடங்குவோருக்கு

மலேரியா மருந்து உடலுக்குள் போய் என்ன செய்கிறது, நோயாளி குளிசையை ஒழுங்காகப் போடாவிட்டால் நோய் திரும்புமா என்பதைக் கணித மொடலாகச் செய்ய நினைக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடைசி வருட ஆய்வாக இருக்கலாம், முதுமாணிப் பட்டத்துக்காக இருக்கலாம். மருந்தாளரும் செய்யலாம், புள்ளிவிபரவியல் படித்தவரும் செய்யலாம், மருத்துவ மாணவரும் செய்யலாம். சமன்பாடுகள் எல்லாப் பாடநூலிலும் கிடைக்கின்றன. எந்த வேலையை முதலில் தொடங்குவது, எந்தக் கடிதத்தை யாரிடம் வாங்குவது, காசு எங்கே போகும், மாதங்கள் எங்கே போகும் என்பதை எவரும் வரிசையாகச் சொல்லித் தருவதில்லை. நான் நன்றாக இழுபட்டுத்தான் இதை முடித்தேன். உங்களுக்கு அந்த இழுபறி வேண்டாம்.

ஒன்றை இப்போதே மனதில் வையுங்கள். நோயாளி எந்தக் குளிசையை, எத்தனை மணிக்கு, என்ன சாப்பாட்டோடு விழுங்கினார் என்ற பதிவுதான் இந்த வேலையின் உயிர்நாடி. அதைச் சரியாகக் கட்டாமல் ஒட்டுண்ணிச் சமன்பாட்டை எவ்வளவு அழகாக எழுதினாலும் விடை பிழைக்கும்.

1. ஒரு மருந்தோடு தொடங்குங்கள்

இலங்கையில் பல்சிபாரம் மலேரியாவுக்கு ஆட்டிமீதர்-லூமிபான்ட்ரின் கூட்டுக் குளிசை கொடுக்கிறார்கள். வைவாக்ஸ் மலேரியாவுக்குக் குளோரோகுயினும், 14 நாள் பிரிமாகுயினும். புதிதாகத் தொடங்குபவர் முதலாவதை எடுப்பதே நல்லது. ஒரு குளிசையில் ஆட்டிமீதர் 20 மில்லிகிராம், லூமிபான்ட்ரின் 120 மில்லிகிராம். 35 கிலோவும் அதற்கு மேலும் உள்ளவருக்கு வேளைக்கு 4 குளிசை, மூன்று நாளில் 6 வேளை, மொத்தம் 24. நேரங்கள் 0, 8, 24, 36, 48, 60 ஆவது மணி. ஆறே வேளை என்பதால் எந்த வேளை விடுபட்டது என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்க முடியும்.

பிரிமாகுயினில் 14 நாள் என்பதால் இடையில் நிறுத்துகிறவர்கள் அதிகம். கேள்வி அங்கே இன்னும் பெரிது. ஆனால் அது ஈரலில் ஒளிந்திருக்கும் ஒட்டுண்ணியைக் கொல்லும் மருந்து. அந்த ஒட்டுண்ணி எத்தனை இருக்கிறது என்று இரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்ல வழியில்லை. மருந்து வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதும் ஆளுக்கு ஆள் மரபணுவைப் பொறுத்து வேறுபடுகிறது. இன்னொரு பொறி: வைவாக்ஸில் குளோரோகுயின் இரத்தத்தில் நெடுநாள் நின்று, ஈரலிலிருந்து நோய் முதல் தடவை திரும்பக் கிளம்புவதை அமுக்கி வைக்கும். அதனால் 28 நாளில் பார்வையை நிறுத்தும் மொடலுக்கு எல்லோரும் குணமானவர்களாகவே தெரிவார்கள். முதல் மொடல் முடிந்த பிறகு அந்தப் பக்கம் போங்கள்.

2. தரவு எங்கே கிடைக்கும் என்பதை முதல் வாரத்திலேயே தீர்மானியுங்கள்

இங்கேதான் பலர் மாதங்களை இழக்கிறார்கள். "கொழும்பில் நோயாளிகளைச் சந்தித்துக் கேட்போம்" என்று திட்டம் எழுதிவிடுவார்கள். இந்த நாட்டில் உள்ளூரில் தொற்றிய மலேரியா 2012 ஒக்டோபருக்குப் பிறகு நின்றுவிட்டது. 2016 செப்ரெம்பர் 5 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இப்போது காண்பதெல்லாம் அநேகமாக வெளிநாடு போய்வந்தவர்கள் கொண்டுவரும் காய்ச்சல். அவர்களையும் மருத்துவமனையில் வைத்து, தாதி கண்முன் குளிசை கொடுத்துக் குணமாக்குகிறார்கள். கண்முன் விழுங்கியவரிடம் விடுபட்ட வேளை இருக்காதே.

ஆகவே குளிசை விடுபட்ட தரவு ஆபிரிக்கா, தென்கிழக்கு ஆசிய ஆய்வுகளிலிருந்துதான் வரும். மூன்று வழி உண்டு.

முதல் வழி, ஏற்கனவே வெளியான கட்டுரைகளில் உள்ள மொடல் மாறிலிகளை எடுத்து, கற்பனை நோயாளிகளை உருவாக்குவது. இதற்குக் காசும் வேண்டாம், தனி மனிதரின் தரவும் வேண்டாம். இளமாணி ஆய்வுக்கு இது தாராளமாகப் போதும்.

இரண்டாவது, உலகளாவிய மலேரியா மருந்து எதிர்ப்பு வலையமைப்பு சேர்த்து வைத்திருக்கும் தனித்தனி நோயாளித் தரவை விண்ணப்பித்துப் பெறுவது. ஆய்வுக் கேள்வி, பகுப்பாய்வுத் திட்டம், உங்கள் நிறுவனத்தின் விபரம் எல்லாம் கேட்பார்கள். ஒரு குழு பார்த்துத் தீர்மானிக்கும், பிறகு தரவுப் பயன்பாட்டு உடன்படிக்கையில் கையொப்பம். அந்தக் கையொப்பத்தை மாணவர் போட முடியாது. பல்கலைக்கழகத்தின் சார்பில் அதிகாரம் உள்ளவர் போட வேண்டும், அந்த ஒரு கையொப்பத்துக்கே வாரங்கள் போகும்.

மூன்றாவது, நாரஹேன்பிட்ட எல்விட்டிகல மாவத்தையில் உள்ள மலேரியா தடை இயக்கத்தின் தலைமையகத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த நோயாளிகள் பற்றிய விபரம் கேட்பது. விடுபட்ட வேளைக்கு இது உதவாது. வயது, நிறை, ஒட்டுண்ணி எண்ணிக்கை எந்த வீச்சில் இருக்கின்றன என்று அறிந்து, இலங்கை நோயாளியைப் போன்ற கற்பனை நோயாளியை உருவாக்க உதவும். இங்கே வளர்ந்த இளம் தலைமுறைக்கு மலேரியா எதிர்ப்புச் சக்தி கிடையாது. அதனால் எதிர்ப்புச் சக்தியைச் சேர்க்காத எளிய மொடல் நம் பயணிகளுக்குச் சரியாகப் பொருந்தும். மலேரியா நிறைந்த நாட்டு வளர்ந்தவர்களுக்கு அதே மொடலைப் போட்டால் தோல்வியை மிகைப்படுத்திக் காட்டும்.

3. கடிதங்களும் அறநெறி அனுமதியும்

வெளியான மாறிலிகளை மட்டும் பாவிக்கிறீர்கள் என்றாலும், உங்கள் பீடத்தின் அறநெறி மீளாய்வுக் குழுவிடம் ஒரு தடவை எழுதிக் கேளுங்கள். எல்லோரும் ஈ.ஆர்.சி. என்றே சொல்லும் குழு அது. "அனுமதி தேவையில்லை" என்று அவர்களே எழுதித் தரும் கடிதம், பின்னர் கட்டுரை வெளியிடும்போது கேட்கப்படும்.

தனி நோயாளித் தரவு என்றால் முழு விண்ணப்பம் போட வேண்டும். கொழும்பு மருத்துவ பீடத்துக்குக் கின்சி வீதியில் அதன் குழு இருக்கிறது. இலங்கை மருத்துவச் சங்கத்துக்கு விஜேராம மாவத்தையில் தனிக் குழு இருக்கிறது. எந்தக் குழு உங்கள் விண்ணப்பத்தை ஏற்கும் என்பதை மேற்பார்வையாளரிடம் கேட்டுத் தீர்மானியுங்கள். தயார் செய்ய வேண்டியவை:

- ஆய்வு முன்மொழிவும் அதன் சுருக்கமும்
- உங்களதும் மேற்பார்வையாளர்களதும் தன்விபரக் கோவை
- துறைத் தலைவரின் அல்லது பட்டப்பின் படிப்புக் குழுவின் ஒப்புதல்
- தரவு வைத்திருப்பவரின் அனுமதிக் கடிதம்
- தரவை எந்தக் கணனியில், எத்தனை வருடம், யார் கடவுச்சொல்லில் வைப்பீர்கள் என்ற ஒரு பக்கக் குறிப்பு
- கட்டணம் செலுத்திய பற்றுச்சீட்டு

நீங்களே யாரிடமாவது நேரில் கேள்வி கேட்கப் போகிறீர்கள் என்றால் தகவல் தாளும் சம்மதப் படிவமும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வேண்டும். தமிழ்ப் பிரதியைக் கடைசி நேரத்தில் இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுக் கொடுக்காதீர்கள். காய்ச்சலோடு வந்தவர் வாசித்து விளங்கிக்கொள்ளக் கூடியதாக ஒருவர் அமர்ந்து எழுத வேண்டும்.

என்னை அதிகம் அலைக்கழித்த பொறி இதுதான்: தரவு வைத்திருக்கும் அலுவலகம் "முதலில் ஈ.ஆர்.சி. அனுமதி கொண்டு வாருங்கள்" என்றது, ஈ.ஆர்.சி. "முதலில் தரவு தரும் அலுவலகத்தின் கடிதம் வேண்டும்" என்றது. வழி இருக்கிறது. "அறநெறி அனுமதி கிடைத்தால் தரவு தருவதில் ஆட்சேபனை இல்லை" என்று ஒரே ஒரு வசனத்தில் நிபந்தனைக் கடிதம் கேளுங்கள். அந்த வசனத்தை நீங்களே தட்டச்சுச் செய்து, மேற்பார்வையாளரின் கோரிக்கைக் கடிதத்தோடு இணைத்துக் கொடுத்தால் கையொப்பம் விரைவாக விழும்.

குழுக்கள் பெரும்பாலும் மாதம் ஒரு தடவைதான் கூடும். முடிவுத் திகதியைத் தவறவிட்டால் அடுத்த மாதம். திருத்தம் கேட்டால் இன்னொரு மாதம். ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையும் குறுக்கே வரும். மூன்று மாதத்தை இதற்கென்றே ஒதுக்கி, அந்தக் காலத்தில் கீழே 5 முதல் 7 வரை உள்ள வேலையைச் செய்யுங்கள். அவற்றுக்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.

4. மென்பொருளும் செலவும்

ஆர் என்ற இலவச மென்பொருளும் அதற்குள் டீசால்வ் என்ற பொதியும் போதும். சாதாரண மடிக்கணனியிலேயே ஓடும். ஆயிரக்கணக்கான நோயாளிகளை ஓட்டும்போது வேகம் வேண்டுமென்றால் எம்ஆர்ஜிசால்வ் அல்லது ஆர்எக்ஸ்ஓடீஇ2 பொதிக்கு மாறலாம், அவையும் இலவசம். விண்டோஸில் அவற்றுக்கு ஆர்டூல்ஸ் என்ற துணைக் கருவியை முதலில் நிறுவ வேண்டும். நிறுவாவிட்டால் வரும் பிழைச் செய்தியைப் பார்த்துக் காரணத்தை ஊகிக்க முடியாது. நான்மெம் என்ற மொடல் மென்பொருள் காசு கட்டி உரிமம் எடுக்க வேண்டியது. கட்டுரைகளில் அந்தப் பெயர் அடிக்கடி வருகிறது என்பதற்காக அதை வாங்க ஓட வேண்டாம். அதே வேலையைச் செய்யும் மோனோலிக்ஸுக்குப் பல்கலைக்கழகத்தவர் இலவச உரிமம் கேட்கலாம்.

உண்மையான செலவு ஈ.ஆர்.சி. கட்டணம், பிரதி எடுப்பது, புத்தகம் கட்டுவது, போக்குவரத்து, இணையம். திறந்த அணுக்க இதழ்கள் வெளியீட்டுக் கட்டணத்தை டொலரிலோ பவுணிலோ கேட்கும். அனுப்பும்போதே கட்டணச் சலுகைக்கு விண்ணப்பியுங்கள், ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டால் பொதுவாகப் பயனில்லை.

5. விழுங்கிய பதிவைக் கட்டுங்கள்

ஒரு நோயாளிக்கு ஒரு வேளை ஒரு வரி. நேரம், குளிசை எண்ணிக்கை, சாப்பாடு, வாந்தி. உதாரணத்துக்கு நானே உருவாக்கிய ஒருவர்:

0 ஆவது மணி, 4 குளிசை, வெறும் வயிறு, அரை மணியில் வாந்தி
9 ஆவது மணி, 4 குளிசை, பிளேன்டீயோடு
26 ஆவது மணி, 4 குளிசை, சோறும் மீன் குழம்பும்
40 ஆவது மணி, 4 குளிசை, பால் தேநீரோடு
48 ஆவது மணி, விடுபட்டது
60 ஆவது மணி, விடுபட்டது

மருத்துவர் எழுதியது 24 குளிசை. வெற்று அட்டையை எண்ணினால் 16. முதல் வேளை வாந்தியோடு போனதைக் கழித்தால் 12. அந்தப் பன்னிரண்டிலும் பிளேன்டீயோடு போன நான்கிலிருந்து லூமிபான்ட்ரின் மிகக் கொஞ்சமே இரத்தத்துக்குப் போயிருக்கும். லூமிபான்ட்ரின் கொழுப்போடு மட்டுமே நன்றாக உறிஞ்சப்படும். கொழுப்பு நிறைந்த உணவோடு எடுத்தால் வெறும் வயிற்றில் எடுப்பதைவிட 16 மடங்கு வரை கூடும் என்று மருந்தின் குறிப்பே சொல்கிறது. அதற்காக விருந்துச் சாப்பாடு தேவையில்லை, 1.2 கிராம் கொழுப்புள்ள சிறிதளவு சோயாப் பாலே பெரும்பகுதி உறிஞ்சலுக்குப் போதும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். காய்ச்சல்காரருக்கு நம் வீடுகளில் கொடுக்கும் கொத்தமல்லித் தண்ணீரிலும் அரிசிக் கஞ்சியிலும் அந்த அளவு கொழுப்புக்கூட இருப்பது சந்தேகம். தேங்காய்ப்பால் விட்ட கஞ்சி என்றால் கதை வேறு. ஆகவே சாப்பாட்டுக்கு ஒரு நிரல் கட்டாயம் வையுங்கள்.

நோயாளி சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். "எல்லாம் போட்டேன்" என்று சொல்வதுதான் இயல்பு. அட்டையை எண்ணுவது அதைவிடக் கொஞ்சம் நல்லது. திறந்த நேரத்தைப் பதியும் மின்னணு மூடி அதைவிட நல்லது, ஆனாலும் திறந்தது விழுங்கியதற்குச் சாட்சி ஆகாது. தரவு எந்த முறையில் எடுக்கப்பட்டது என்பதைப் பதிவின் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.

6. மருந்துச் செறிவு

முதலில், உடலை ஒரே பாத்திரமாக எடுக்கும் 'ஒரு அறை' மொடல்: வயிற்றிலிருந்து இரத்தத்துக்கு ஒரு உறிஞ்சல் வீதம், இரத்தத்திலிருந்து ஒரு வெளியேற்ற வீதம். மருந்துச் செறிவு பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், அதாவது அரைவாழ்வுக் காலம், ஆட்டிமீதருக்கு ஏறத்தாழ 2 மணி, லூமிபான்ட்ரினுக்கு 3 முதல் 6 நாள். இரண்டு மருந்துக்கும் இடையே இவ்வளவு தூரம் இருப்பதால்தான் இந்த மொடலில் தொல்லை வருகிறது.

அலகுப் பொறி முதலாவது. ஒரு கட்டுரை மணிக்கு எவ்வளவு என்று எழுதும், இன்னொன்று நாளுக்கு எவ்வளவு என்று எழுதும். எல்லாவற்றையும் மணிக்கு மாற்றி, மாற்றிய கணக்கைக் கோப்பிலேயே விட்டு வையுங்கள். அடுத்தது, பாடநூலில் உள்ள தயார்ச் சூத்திரத்தின் கீழே உறிஞ்சல் வீதத்திலிருந்து வெளியேற்ற வீதத்தைக் கழித்த பெறுமானம் இருக்கும். ஆட்டிமீதரில் இரண்டும் ஒன்றுக்கொன்று நெருங்கிவிட்டால் பூச்சியத்தால் வகுக்க நேரும். வகையீட்டுச் சமன்பாடாகவே எழுதித் தீர்த்தால் இந்தத் தொல்லை இல்லை. மூன்றாவது, விடையை ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எடுத்தால் ஆட்டிமீதரின் உச்சம் முழுதாகவே தப்பிப் போகும். முதல் மூன்று நாளுக்காவது மணிக்கு ஒரு புள்ளி எடுங்கள், வேளை நேரங்களும் அந்த நேரப் பட்டியலில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, நான் மிக முக்கியமாக நினைப்பது. லூமிபான்ட்ரின் உறிஞ்சல் எல்லா வேளைக்கும் ஒன்றல்ல. நோய் கடுமையாக இருக்கும் முதல் நாளில் நோயாளி சாப்பிட மாட்டார், உறிஞ்சலும் குறைவு. உடம்பு தேறத் தேற உறிஞ்சல் கூடுகிறது. அப்படியானால் கடைசி இரண்டு மூன்று வேளைகள்தான் லூமிபான்ட்ரினை அதிகம் ஏற்றித் தருபவை. காய்ச்சல் விட்டவர் நிறுத்துவதும் அதே வேளைகளைத்தான். உறிஞ்சலை ஒரே மாறிலியாக வைத்த மொடலுக்கு இது தெரியவே தெரியாது. வேளை இலக்கத்தோடு கூடும் ஒரு பெருக்கியையாவது சேருங்கள்.

7. ஒட்டுண்ணிச் சமன்பாடு

பல்சிபாரம் ஒட்டுண்ணி இரத்தத்தில் ஒரு தடவை பெருகி முடிக்கும் சுற்று 48 மணி. மருந்தில்லாவிட்டால் ஒரு சுற்றுக்கு 10 மடங்கு பெருகும் என்று எடுத்தால் வளர்ச்சி வீதம் மணிக்கு 0.048. மருந்தின் கொல்லும் வீதம் செறிவோடு கூடி ஒரு உச்சத்தில் நின்றுவிடும். வளர்ச்சியிலிருந்து இரண்டு மருந்தின் கொல்லலையும் கழித்தால் சமன்பாடு முடிந்தது. எண்ணிக்கையை நேரடியாக வைக்காமல் மடக்கையில் வையுங்கள், கணிப்பு நிலையாக நிற்கும்.

கணனியில் போடுமுன் கையால் ஒரு தடவை கணக்குப் பாருங்கள். உடலில் ஒரு இலட்சம் கோடி ஒட்டுண்ணி இருக்கிறது என்று வையுங்கள். ஆட்டிமீதர் போன்ற ஆட்டிமிசினின் வகை மருந்து ஒரு சுற்றில் அதைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக்கும். மூன்று நாள் முழுதும் எடுத்தால் இரண்டு சுற்றைத் தொடும், மிஞ்சுவது 10,000. முதல் நாளோடு நிறுத்தினால் ஒரு சுற்றுத்தான். மிஞ்சுவது 10 கோடி. வளர்ந்தவரின் 5 லீற்றர் இரத்தத்தில் 10 கோடி என்பது ஒரு மைக்ரோலீற்றருக்கு 20. சாதாரண ஆய்வுகூடத்தில் 50 அளவுக்குக் கீழே போனால் கண்ணாடித் தட்டில் பெரும்பாலும் தென்படாது. காய்ச்சல் இல்லை, பரிசோதனையும் சுத்தம், உள்ளே 10 கோடி.

மிச்சத்தை லூமிபான்ட்ரின் ஒரு சுற்றுக்குப் பத்தில் ஒன்றாகக் குறைக்கிறது என்று வைத்தால், 10,000 ஐ முடிக்க 4 சுற்று, அதாவது 8 நாள். 10 கோடியை முடிக்க 16 நாள். அரைவாழ்வு 4 நாள் என்றால் 8 நாளில் மருந்து கால்வாசியாகவும் 16 நாளில் பதினாறில் ஒன்றாகவும் இறங்கியிருக்கும். அதுவும் குறைந்த வேளை எடுத்தவருக்குத் தொடக்கச் செறிவே குறைவு. இந்தக் கணக்கு மேலோட்டமானதுதான், என்றாலும் மேற்பார்வையாளர் முன் இதை ஒரு தாளில் போட்டுக் காட்டினால் ஏன் இந்த ஆய்வு என்று உடனே விளங்கும்.

கட்டாயம் விழும் பொறி ஒன்று: ஒட்டுண்ணி எண்ணிக்கை மொடலில் 0.0001 ஆக இறங்கி, மருந்து தீர்ந்ததும் மறுபடி வளரும். அரை ஒட்டுண்ணி என்று ஒன்று கிடையாது. எண்ணிக்கை 1 ஐ விடக் குறைந்த உடனேயே அந்த நோயாளியைக் குணமானவராகக் குறித்து நிறுத்துங்கள்.

8. விடுபடும் விதங்கள்

ஒவ்வொரு வேளைக்கும் நாணயம் சுண்டி விடுபடுத்துவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. மனிதர் அப்படி விடுவதில்லை. குறைந்தது மூன்று விதத்தைத் தனித்தனியாக ஓட்டுங்கள்: காய்ச்சல் விட்டதும் மிச்சத்தை முழுதாக நிறுத்துபவர், எல்லா வேளையும் எடுத்தும் நேரம் பிந்துபவர், வேளைக்கு 4 எடுக்க வேண்டிய இடத்தில் 2 எடுத்து மிச்சத்தை வீட்டில் இன்னொருவருக்குக் கொடுப்பவர். பின்னேரம் 4 மணிக்கு முதல் வேளை எடுத்தவருக்கு இரண்டாவது நள்ளிரவில் வரும், அவர் தூங்கிவிடுவார். காலையில் எடுப்பதை "விடுபட்டது" என்று போடாதீர்கள், "பிந்தியது" என்று போடுங்கள். இரண்டுக்கும் விடை வேறு.

நிறுத்தும் நிகழ்தகவை ஒட்டுண்ணி எண்ணிக்கையோடு கட்டினால் இன்னும் நல்லது. விரைவாகத் தேறுபவர் விரைவாக நிறுத்துகிறார். மருந்து நன்றாக வேலை செய்வதே அவரை நிறுத்த வைக்கிறது.

9. விடுபட்டதைப் பார்க்குமுன் முழு வேளையைச் சரிபாருங்கள்

1,000 கற்பனை நோயாளிகளுக்கு ஆறு வேளையும் ஒழுங்காகக் கொடுத்து ஓட்டுங்கள். மருந்து எதிர்ப்பு இல்லாத ஒட்டுண்ணி என்றால் 95 விழுக்காட்டுக்கு மேல் குணமாக வேண்டும். 7 ஆம் நாள் லூமிபான்ட்ரின் செறிவையும் பாருங்கள். மில்லிலீற்றருக்கு 200 நானோகிராமும் அதற்கு மேலும் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் குணமானதாக, பல ஆய்வுகளின் தரவை ஒன்றுசேர்த்த தொகுப்பாய்வு காட்டியிருக்கிறது. உங்கள் மொடலில் அந்த எண் பத்து மடங்கு விலகி நின்றால் அநேகமாக அலகுதான் பிழைத்திருக்கும். இது சரிவரும் வரை எட்டாம் படிக்குப் போக வேண்டாம்.

ஒப்பிடும் தரவில் 28 நாளுக்குள் நோய் திரும்பியவர்கள் எல்லோரையும் தோல்வியாக எண்ணாதீர்கள். நுளம்பு நிறைந்த நாட்டில் புதிதாகத் தொற்றியவர்களும் அதற்குள் இருப்பார்கள். மரபணுப் பரிசோதனையால் திருத்திய தோல்வி வீதத்தை எடுங்கள்.

10. ஒப்படைக்கும்போது

தற்செயல் எண்ணுக்கான தொடக்க இலக்கம், ஆர் பதிப்பு, பொதிகளின் பதிப்பு மூன்றையும் பின்னிணைப்பில் போடுங்கள். ஒவ்வொரு மாறிலிக்கும் அது எந்த நாட்டு, எந்த வயது நோயாளிகளிடமிருந்து வந்தது என்று அட்டவணை கட்டாயம். பரீட்சகர் முதலில் புரட்டுவது அந்தப் பக்கம். தரவு உடன்படிக்கையில் வெளியீட்டுக்கு முன் வரைவைக் காட்ட வேண்டும் என்ற வசனம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒப்படைக்கும் திகதிக்கு ஒரு மாதம் முன்பாவது அனுப்பிவிடுங்கள்.